3.9 நொடி மிச்சம் இருக்கும்போது விசில் ஊதலாமா?

கேள்வி: 6 ஏப்ரல் 2024, காலை 6.40

நேத்து ராத்திரி கிளீவ்லாந்தில் நடந்த பெண்கள் கல்லூரி பாஸ்கெட்பால் அரையிறுதியை, யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) - அயோவா ஆட்டத்தை, பார்த்தவங்க இங்கே யாராவது இருக்கீங்களா? அயோவா 70, யூகான் 69. பந்து யூகான் கையில். 3.9 நொடி. பெய்ஜ் பெக்கர்ஸ் பந்தை வாங்க ஓடி வர்றாங்க, ஆலியா எட்வர்ட்ஸ் ஸ்க்ரீன் போடறாங்க (அதாவது பெக்கர்ஸைத் தடுக்க வர்றவங்களுக்குக் குறுக்கே நிக்கறாங்க), உடனே விசில். மூவிங் ஸ்க்ரீனாம், நிக்காம நகர்ந்து மறிச்சாங்களாம். ஆட்டம் முழுக்க இடிச்சுக்கிட்டே இருந்தாங்க, அதையெல்லாம் விட்டுட்டு இதைப் போய் ஊதுவாங்களா? பெண்கள் கல்லூரி பாஸ்கெட்பாலில் ரெஃபரிங் ஏன் இப்படி நாளுக்கு ஒரு மாதிரி இருக்கு?

பதில்: 6 ஏப்ரல், காலை 7.05

ஊதக்கூடாது. அவ்வளவுதான்.

6 ஏப்ரல், காலை 9.30

காபி குடிச்சாச்சு. இப்போ கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நான் இருக்கறது கனெக்டிகட். யூகான் இருக்கற ஸ்டோர்ஸ் வீட்டிலேர்ந்து அரை மணி நேரம். அதனால என் பேச்சில் பாதியைத் தள்ளுபடி பண்ணிட்டுப் படிங்க.

என் கட்சி இதுதான். ஒரு ரெஃபரி முதல் ஐந்து நிமிஷத்திலேயே இரண்டு அணிக்கும் ஒரு பாடம் நடத்திடறார். இவ்வளவு கை வைக்கலாம், இவ்வளவு இடிக்கலாம், இதுக்கு மேல போனா ஊதுவேன். ஆடறவங்க அதைக் கவனிச்சு அதுக்கேத்த மாதிரி ஆடறாங்க. நேத்து அந்தப் பாடம் "ஆடுங்கம்மா, நான் குறுக்கே வரமாட்டேன்" என்கிற மாதிரிதான் இருந்தது. கடைசி நாலு நொடியில் பாடத்தை மாத்தினா எப்படி? யூகான் கோச் ஜீனோ ஒரியெம்மாவும் இதைத்தான் சொன்னார், தேடினா ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்க்ரீன் ஃபவுல் கிடைக்கும்னு.

அந்த விசிலுக்கு அப்புறம் நடந்ததும் வயித்தெரிச்சல். பந்து அயோவாவுக்குப் போச்சு, அவங்க நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் மேல நம்ம ஆளுங்க ஃபவுல் பண்ண, இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒண்ணு விழுந்தது, அடுத்தது தவறிடுச்சு. நமக்கு இன்னொரு வாய்ப்புன்னு சோஃபாவிலேர்ந்து எழுந்தேன். பந்து மறுபடி அயோவாவுக்கே போச்சு. 71–69.

6 ஏப்ரல், மதியம் 1.15

வாபஸ் வாங்கறேன். பாதி மட்டும்.

அந்த ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஸ்க்ரீன் போடறவங்க நின்ன இடத்தில் நிக்கணும், கால் தோள் அகலத்துக்கு மேல விரியக்கூடாது, தடுக்க வர்றவங்க பக்கம் சாயக்கூடாது. எட்வர்ட்ஸ் சாய்ஞ்சாங்க. அயோவாவின் கேபி மார்ஷல் சுத்திப் போகப் பார்க்கும்போது இவங்க உடம்பும் அந்தப் பக்கம் போகுது. புத்தகத்தை வெச்சுப் பார்த்தா ஃபவுல்.

என் வீட்டுக்காரர் கிரிக்கெட் ஆள். பின்னாடியிருந்து பார்த்துட்டு, "அவுட்டுன்னா அவுட்தானே, கடைசி ஓவர்ல மட்டும் அவுட் இல்லையா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டார். பதில் சொல்ல வரலை, அதான் கோபம்.

இன்னொண்ணு. பெக்கர்ஸே இந்த ஒரு விசிலால தோக்கலைன்னு சொல்லியிருக்காங்க. 22 வயசுப் பொண்ணுக்கு இருக்கற நிதானம் எனக்குக் காலையில் இல்லை.

6 ஏப்ரல், இரவு 10.20

ஒருத்தர் கீழே "2021 ஞாபகம் இருக்கா மேடம்?"னு ஒரே வரியில் கேட்டிருக்கார். இருக்கு சார். ஞாபகம் வரக்கூடாதுன்னுதான் இருந்தேன்.

தெரியாதவங்களுக்காக: 29 மார்ச் 2021, சான் அன்டோனியோ. யூகான் - பெய்லர், ஜெயிச்சா ஃபைனல் ஃபோருக்கு, அதாவது அரையிறுதிக்குப் போற ஆட்டம். கடைசியில் யூகான் ஒரு புள்ளி முன்னாடி. பெய்லரின் டிஜோனே கேரிங்டன் கூடைக்குப் பின்னாடி இருக்கற கோட்டுப் பக்கமா வந்து எம்பி ஷாட் அடிக்கப் போறாங்க. இரண்டு யூகான் பொண்ணுங்க மேலேயும் கீழேயுமா மோதறாங்க. விசில் இல்லை. யூகான் 69–67.

மோதின இரண்டு பேரில் ஒருத்தர் ஒலிவியா நெல்சன்-ஒடோடா. இன்னொருத்தர் யாருன்னு நினைக்கறீங்க? ஆலியா எட்வர்ட்ஸ். அப்போ முதல் வருஷம்.

அன்னைக்கு நான் என்ன பண்ணேன்? சோஃபாவில் குதிச்சேன். "கடைசி நேரத்தில் ரெஃபரி ஒதுங்கி நிக்கறதுதான் அழகு"ன்னு பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட வேலிக்கு அந்தப் பக்கமா நின்னு தத்துவம் பேசினேன். லெப்ரான் ஜேம்ஸ் அன்னைக்கு அது ஃபவுல்தான்னு எழுதினார், அவர் மேல கோபம். இப்போ எட்வர்ட்ஸ் மேல ஊதினதையும் ஏத்துக்கமாட்டேன்னு எழுதியிருக்கார், அவர் மேல பாசம். ஆக லெப்ரான் இரண்டு முறையும் ரெஃபரிக்கு எதிரேதான் நிக்கறார். நகர்ந்தது நான்தான். என் மேலதான் மூவிங் ஸ்க்ரீன் ஊதணும்.

7 ஏப்ரல், காலை 11.00

இன்னைக்கு ஃபைனல். அதுக்கு முன்னாடி போன வருஷ ஃபைனலைப் பத்தி யாரும் பேசலையேன்னு நானே ஆரம்பிக்கறேன். ஆளுக்கு ஒரு மாதிரி ஊதறாங்க என்கிற கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

2 ஏப்ரல் 2023, டல்லாஸ். எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) 102, அயோவா 85. இரண்டு அணிக்கும் சேர்த்து 37 ஃபவுல். கிளார்க், ஏஞ்சல் ரீஸ், சினானோன்னு நாம பார்க்க வந்தவங்க எல்லாம் முதல் பாதியில் கொஞ்ச நேரமாவது பெஞ்சில் துண்டோட உட்கார்ந்திருந்தாங்க. இவங்களுக்கு ஐந்து ஃபவுல் ஆனா வெளியே போகணும், அதனால இரண்டு வாங்கினதும் கோச்சுங்க பயந்து உள்ளே இழுத்துடறாங்க. கைபட்டா விசில், காத்துப்பட்டா விசில். மறு வருஷம் நேர் எதிர். ஒரே விதிப் புத்தகம், ஒரே போட்டி.

(அணி ஃபவுல் கணக்கும் இங்கே வேற. ஆண்கள் கல்லூரி ஆட்டம் இரண்டு பாதி. பெண்களுக்கு 2015–16லேர்ந்து நாலு குவார்ட்டர். ஒவ்வொரு குவார்ட்டரிலும் ஐந்தாவது அணி ஃபவுலிலேர்ந்து இரண்டு ஃப்ரீ த்ரோ, அடுத்த குவார்ட்டரில் கணக்கு பூஜ்யத்திலேர்ந்து. இங்கே குவார்ட்டர்னா பத்து நிமிஷம். வேற எதுவும் நினைக்காதீங்க.)

அந்த ஃபைனலில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கறது கிளார்க் வாங்கின டெக்னிக்கல் (இடிச்சதுக்கு இல்லாம நடத்தைக்கு ஊதற ஃபவுல்). மூணாவது குவார்ட்டர் முடியப்போகுது. விசிலுக்கு அப்புறம் பந்தை ரெஃபரி கையில் கொடுக்காம பின்பக்கமாத் தட்டிவிட்டாங்க. டெக்னிக்கல், அவங்களுக்கு நாலாவது ஃபவுல். உலகமே கத்துச்சு. ஆனா ஆட்டத்தைத் தாமதப்படுத்தறதா அயோவாவுக்கு முன்னாடியே ஒரு எச்சரிக்கை போயிருந்தது. அதுக்கப்புறம் செஞ்சா டெக்னிக்கல்னு விதியில் இருக்கு. ரெஃபரி எதையும் கண்டுபிடிக்கலை.

இப்போ இதையும் சேர்த்துக்கோங்க. அதே ஆட்டத்தில் எல்எஸ்யூ கோச் கிம் மல்கி கோட்டைத் தாண்டி வந்து கத்தி, ஒரு ரெஃபரி மேல கைபட்டது கேமராவில் தெரியுது. அதுக்கு ஒண்ணுமில்லை. பந்தைத் தட்டின பொண்ணுக்கு டெக்னிக்கல், ரெஃபரியைத் தொட்ட கோச்சுக்கு இல்லை. ஒவ்வொண்ணையும் தனியா எடுத்தா ரெஃபரி பக்கம் ஒரு நியாயம் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வெச்சாத்தான் உறுத்துது.

(இந்த மல்கிதான் 2021ல் விசில் கிடைக்காத பெய்லருக்குக் கோச். இந்த விளையாட்டில் மொத்தம் பத்துப் பேர்தான் இருக்காங்களோன்னு சில நேரம் சந்தேகம்.)

7 ஏப்ரல், மாலை 6.10

சவுத் கரோலினா 87, அயோவா 75. 38 ஆட்டம், 38 வெற்றி. ரெஃபரியைப் பத்திப் பேச ஒண்ணுமில்லை, நல்லா இருந்தது. நல்லா இருந்தா யாரும் எழுதமாட்டோம்ல.

9 ஏப்ரல், இரவு 9.45

"பெண்கள் ஆட்டத்தில் இவ்வளவு இடி தேவையா, அழகா ஆடலாமே"ன்னு ஒரு நண்பர். அழகா ஆடறதுன்னா கோலம் போடற மாதிரியா?

நான் கோயம்புத்தூரில் கல்லூரி டீமில் மூணு வருஷம் ஆடினவ. சிமெண்ட் கோர்ட். விழுந்தா முட்டியில் தோல் இருக்காது. என் இடது புருவத்தில் இன்னும் ஒரு தழும்பு இருக்கு, அது ஒரு ஈரோட்டுப் பொண்ணோட முழங்கை. அன்னைக்கு ரெஃபரி எங்க பக்கமே திரும்பலை. விசிலை வாயில் வெச்சுக்கிட்டே, "லேடீஸ், நிதானமா, நிதானமா"ன்னு சொன்னார். புருவத்துக்கு நாலு தையல், அந்த "லேடீஸ்"க்கு மருந்தே இல்லை.

அதனால இடி வேணாம்னு நான் சொல்லமாட்டேன். கூடைக்குக் கீழே, போஸ்ட்டில், முதுகைக் காட்டி நிக்கறவளைத் தள்ளித் தள்ளித்தான் இடம் பிடிக்கணும். அது ஆட்டத்தோட ஒரு பாதி. வெளியே பந்தைத் தட்டிக்கிட்டு வர்றவளுக்கு வேற கணக்கு: இரண்டு கையை வெச்சா ஃபவுல், முன்கையைக் குறுக்கே போட்டாலும் ஃபவுல், வெச்ச கையை எடுக்காம இருந்தாலும், தொட்டுத் தொட்டு எடுத்தாலும் ஃபவுல். இது தெளிவா எழுதியே இருக்கு. சில ராத்திரி ஊதறாங்க, சில ராத்திரி இல்லை.

10 ஏப்ரல், காலை 8.00

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு ஒரு தோழி தனியா கேட்டா, "தழும்பு வலது புருவத்தில்தானே?"ன்னு. கண்ணாடியில் பார்த்தேன். வலதுதான். இருபது வருஷமா இடதுன்னே சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். சாட்சி சொல்றவங்க லட்சணம் இது.

13 ஏப்ரல், மாலை 5.30

இடி ஊதாம விட்டா என்ன ஆகும்னு கேட்டவருக்கு: ஒரு மாசம் முன்னாடி கிரீன்வில்லில் நடந்ததைப் பாருங்க. 10 மார்ச், எஸ்இசி கான்ஃபரன்ஸ் (தென்கிழக்குக் கல்லூரிகளோட கூட்டமைப்பு) ஃபைனல், சவுத் கரோலினா - எல்எஸ்யூ. ஆட்டம் முழுக்க முழங்கையும் தோளும் பேசிக்கிட்டே இருந்தது. முடிய இரண்டு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது எல்எஸ்யூவின் ஃப்ளாஜே ஜான்சன், மிலேஷியா ஃபுல்வைலியைப் பிடிச்சு இழுத்தாங்க. வேணும்னே செஞ்ச ஃபவுல்னு ஊதியாச்சு. அதோட முடியலை. சவுத் கரோலினா பொண்ணு ஒருத்தி மேல தோளால இடிச்சுக்கிட்டே நடந்தாங்க. ஆறடி ஏழு அங்குலம் கமிலா கார்டோசோ ஓடி வந்து தள்ளினதில் ஜான்சன் தரையில். ஜான்சனோட சகோதரர் கேலரியிலேர்ந்து ஸ்கோரர் மேசையைத் தாண்டிக் குதிச்சு உள்ளே வந்துட்டார், போலீஸ் பிடிச்சுட்டுப் போச்சு.

கார்டோசோ வெளியே. பெஞ்சிலேர்ந்து எழுந்து உள்ளே வந்தவங்களும் வெளியே, அது விதி, கைகலப்பில் கலந்துக்காட்டியும் சரி. 79–72ன்னு சவுத் கரோலினா ஜெயிச்சது. கார்டோசோ அடுத்த ஆட்டத்துக்குத் தடை, அது என்சிஏஏ (தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) போட்டியின் முதல் சுற்று. ஆட்டத்துக்கு அப்புறம் மல்கி, தள்ளறதா இருந்தா உன் உயரத்துக்கு ஏத்த ஏஞ்சல் ரீஸைத் தள்ளியிருக்கலாமேன்னு ஒரு பேச்சு. கோச்சே இப்படிப் பேசினா நாம ரெஃபரியை மட்டும் எவ்வளவு திட்ட?

இதில் ரெஃபரிங்க செஞ்ச எல்லாமே சரி, ஆனா தாமதம். முதல் பாதியிலேயே இரண்டு பேரைக் கூப்பிட்டு "கையை எடு, அடுத்தது ஊதுவேன்"னு சொல்லியிருந்தா இந்தக் கூத்து இல்லை. இதை நான் இவ்வளவு உறுதியா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அடுத்த குறிப்பில்.

14 ஏப்ரல், இரவு 8.15

ஆமா, நானும் ரெஃபரி. சிரிக்காதீங்க. எங்க ஊர் ரிக்ரியேஷன் லீக், பத்து பன்னிரண்டு வயசுப் பொண்ணுங்க, சனிக்கிழமை காலை. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, கழுத்தில் விசில்.

முதல் வாரம் பார்த்ததையெல்லாம் ஊதினேன். பந்தைத் தட்டாம மூணு அடி நடந்தா விசில், கைபட்டா விசில். எட்டு நிமிஷ ஆட்டத்தில் யாரும் கூடைப் பக்கமே போகலை. ஒரு குட்டி அழுதே போச்சு. இரண்டாவது வாரம் ஒண்ணுமே ஊதலை. அது பாஸ்கெட்பால் இல்லை, பந்தி. மூணாவது வாரம்தான் வாயால பேசக் கத்துக்கிட்டேன். "நகராதே கண்ணா", "கை, கை!". விசிலைவிட அது நல்லா வேலை செய்யுது.

ஆனா ஒரு நாள், ஆட்டம் சமம், கடைசி பத்து நொடி. ஒரு பொண்ணு கூடைக்குக் கிட்ட ஓடிப்போய் பந்தைப் போடப் போகும்போது இன்னொருத்தி இடுப்பில் இடிச்சா. பார்த்தேன். என் கண்ணுக்கு நேரே நடந்தது. விசில் வாயில் இருக்கு, ஊதலை. "ஆட்டத்தை நான் முடிச்சு வைக்கக்கூடாது"ன்னு ஏதோ ஒண்ணு தடுத்துச்சு. பந்து விழலை. அந்தப் பொண்ணோட அம்மா கத்தவே இல்லை, என்னைப் பார்த்தாங்க, அவ்வளவுதான். ஊதாததால ஆட்டம் எந்தப் பக்கம் முடிஞ்சதுன்னு வீட்டுக்கு வர்ற வழியில் சிக்னலில் நிக்கும்போதுதான் உறைச்சது.

அதனால 2021ல் ஊதாத ரெஃபரியையும் புரியுது, 2024ல் ஊதினவங்களையும் புரியுது. இரண்டு பேரையும் திட்டற உரிமையை மட்டும் விட மனசில்லை.

20 ஏப்ரல், மதியம் 12.40

மூக்குத்தி விஷயத்தை யாரும் சொல்லலையே! நம்ம ஆளுங்க கூட்டத்தில் இது முதல் குறிப்பா வந்திருக்கணும்.

29 மார்ச், ஆல்பனி, நோட்டர் டாம் - ஒரிகன் ஸ்டேட். நோட்டர் டாமின் ஹானா ஹிடால்கோ, முதல் வருஷப் பொண்ணு, அந்த அணியோட உயிர்நாடி. இரண்டாவது குவார்ட்டர் ஆரம்பத்தில் ரெஃபரி நிறுத்தி மூக்குத்தியைக் கழட்டச் சொல்லிட்டார். நகை போட்டுக்கிட்டு ஆடக்கூடாதுன்னு விதி இருக்கு, அது உண்மை. ஆனா அந்தப் பொண்ணு அதைப் போட்டுக்கிட்டே பருவம் முழுக்க ஆடியிருக்கு, அன்னைக்கு முதல் குவார்ட்டரும் ஆடியாச்சு. மூடிக்கிட்டா போதும்னு முதலில் சொன்னாங்களாம், அப்புறம் இல்லை, கழட்டுன்னாங்களாம். அது சட்டுன்னு வரலை. மூக்குத்தி போட்டவங்களுக்குத் தெரியும், திருகு இறுகிட்டா எண்ணெய் தடவி, சோப்பு தடவி, கடைசியில் ஆசாரிகிட்டதான் போகணும். நாலு நிமிஷத்துக்கு மேல அந்தப் பொண்ணு வெளியே உட்கார்ந்திருந்துச்சு. 70–65ன்னு தோத்தாங்க.

இதில் இடியும் இல்லை, கணிப்பும் இல்லை. மூக்குத்தி இருக்கா இல்லையா, அவ்வளவுதான். இதிலேயே இத்தனை மாசம் ஒரு மாதிரி, ஒரு நாள் வேற மாதிரின்னா, ஸ்க்ரீனில் சாய்ஞ்சது எத்தனை அங்குலம்னு பார்க்கறதில் எப்படி ஒரே மாதிரி எதிர்பார்க்க?

21 ஏப்ரல், காலை 7.50

"காரணம் என்னதான்"னு முதல் கேள்வி கேட்டவர் பொறுமையா இன்னும் இருக்கார். எனக்குத் தெரிஞ்சது:

இந்த ரெஃபரிங்க யாருக்கும் மாசச் சம்பளக்காரங்க இல்லை. ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு கான்ஃபரன்ஸ்கள் கொடுக்குது. நல்ல பேர் உள்ளவங்க மூணு நாலு கான்ஃபரன்ஸுக்கு ஊதுவாங்க, இன்னைக்கு ஒரு ஊர், விடிஞ்சா விமானம், நாளைக்கு வேற ஊர். ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்கும் ஒரு மேற்பார்வையாளர், ஒரு சுவை. ஒரு இடத்தில் இடி சாதாரணம், இன்னொரு இடத்தில் இல்லை. மார்ச் வந்ததும் எல்லா இடத்திலேர்ந்தும் மூணு பேரைப் பொறுக்கி ஒரே ஆட்டத்தில் நிறுத்தினா, கூடைக்குக் கீழே ஒருத்தர், பக்கவாட்டில் ஒருத்தர், பின்னாடி ஒருத்தர், மூணு பேருக்கும் மூணு அளவுகோல்.

காசும் ஒரு காரணம்னு நினைக்கறேன். என்சிஏஏ போட்டியில் ஆண்கள் ஆட்டத்து ரெஃபரிக்குக் கொடுக்கறதையே பெண்கள் ஆட்டத்துக்கும் கொடுக்க ஆரம்பிச்சதே 2022லதான். அதுவும் 2021ல் பெண்களுக்குப் பேருக்குக் கொடுத்த எடைப் பயிற்சி அறையை ஒரு ஆட்டக்காரி வீடியோ எடுத்துப் போட்டு மானம் போன பிறகு.

இதே மார்ச்சில் இன்னொரு வேடிக்கை: ஒரு ஆட்டத்தில் ஆடற அணிகளில் ஒண்ணோட பல்கலைக்கழகத்தில் ஒரு ரெஃபரி படிச்சவங்கன்னு பாதி ஆட்டத்தில்தான் கண்டுபிடிச்சு மாத்தினாங்க. அதை விசாரிக்க ஒரு ஃபோன் போதுமே.

23 செப்டம்பர் 2024, காலை 7.20

இழை தூங்கிட்டு இருந்தது, எழுப்பறேன். கல்லூரி ஆட்டம் இல்லை, டபிள்யூஎன்பிஏ (பெண்களோட தொழில்முறை லீக்), மன்னிக்கணும். ஆனா ஆளுங்க நம்ம ஆளுங்க.

நேத்து எங்க கனெக்டிகட் சன் - இண்டியானா ஃபீவர் ப்ளேஆஃப். ஆரம்பத்திலேயே கேரிங்டன் விரல் கிளார்க் கண்ணில் பட்டது. கண் கறுத்துப் போச்சு. விசில் இல்லை.

2021ல் விசில் கிடைக்காத கேரிங்டன். 2024 ஏப்ரலில் விசிலால பிழைச்ச கிளார்க். நான் எந்தப் பக்கம்னு கேட்காதீங்க, சன் 93–69ன்னு ஜெயிச்சது, டிக்கெட் வாங்கிப் போயிருந்தேன். கத்தினேன். எதுக்குக் கத்தினேன்னு எழுதமாட்டேன்.

7 ஏப்ரல் 2025, காலை 6.30

யூகான் 82, சவுத் கரோலினா 59. பன்னிரண்டாவது பட்டம். பெக்கர்ஸ் கோப்பையோட. ரெஃபரிங்க தெய்வங்கள்.

28 ஜூன் 2025, இரவு 9.00

முதல் கேள்வி கேட்டவருக்கு ஒரு செய்தி. அடுத்த பருவத்திலேர்ந்து கோச்சுங்க சவால் விடலாம், என்சிஏஏ இந்த மாசம் ஒத்துக்கிச்சு. பந்து யார் மேல பட்டு வெளியே போச்சு, ஃபவுலைத் தப்பான ஆள் மேல எழுதிட்டாங்களா, இந்த மாதிரி. வீட்டுக்காரர் "டிஆர்எஸ் வந்துடுச்சா?"ன்னு துள்ளினார். இல்லைங்க. அது ஃபவுலா இல்லையா என்கிறதுக்குச் சவால் கிடையாது. எட்வர்ட்ஸ் ஸ்க்ரீன் மறுபடி நடந்தாலும் ஒரியெம்மா கையைப் பிசைஞ்சுக்கிட்டுத்தான் நிக்கணும். "அப்போ எல்லாமே அம்பயர்ஸ் கால்"னார். ஆமா.

29 ஜூன் 2025, மாலை 4.10

"நீங்களா இருந்தா இப்போ ஊதுவீங்களா?"

நேத்து சனிக்கிழமை, கோடை லீக். கடைசி நிமிஷம், ஒரு புள்ளி வித்தியாசம், ஒரு பொண்ணு ஸ்க்ரீன் போட்டுட்டு இரண்டு அடி நகர்ந்து இடிச்சா. ஊதினேன். அவளோட கோச் தொப்பியைத் தரையில் அடிச்சார். கை நடுங்குச்சு, ஆனா ஊதினேன்.

ஸ்கோர்போர்டு பார்த்துக்கறது என் பொண்ணு, பதிமூணு வயசு. காரில் ஏறி பெல்ட் போட்டதும் சொன்னா:

"அம்மா, அது ஃபவுல்தான். ஆனா இரண்டாவது குவார்ட்டர்ல அந்தப் பக்கத்து டீம் பொண்ணு இதையேதான் பண்ணா. நீ விட்டுட்டே."

வீடியோ இருக்கான்னு கேட்டேன். இருக்காம்.